துக்கத்துல இருக்கற டீன்ஏஜ் பசங்களுக்கான ஆன்லைன் குரூப்: எங்க வீட்டு பொண்ணு முடிச்சதுக்கு அப்புறம் எழுதற ரிவ்யூ

சேக்கலாமா வேணாமான்னு மட்டும் தெரிஞ்சா போதும்னு வர்றவங்களுக்கு மொதல்லயே சொல்லிடறேன், சேக்கலாம். ஆனா உங்க பிள்ளைக்கு சாமி மேல நம்பிக்கை இருந்து, வீட்ல ஒருத்தர் தவறினதுக்கு அப்புறம் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தா இது ரொம்ப உதவும், நம்பிக்கையே இல்லாத பிள்ளைக்கு கொஞ்சம் யோசிச்சு சேக்கணும், வீட்ல பெரியவங்க யாரும் கூட நிக்க முடியாத நிலைமைன்னா இது மட்டும் பத்தாது. நடத்தறவங்க பேர இங்க போடல. அதுல எங்க பொண்ணு மாதிரி மத்த பசங்களும் இருக்காங்க, அவங்க விஷயம் வெளிய வரக்கூடாது, அதோட இந்த மாதிரி குரூப் நிறைய பேர் நடத்தறாங்க, எத பாத்து தேர்ந்தெடுக்கணும்னு சொன்னா தான் எல்லாருக்கும் உபயோகம்.

எங்க அண்ணன் நோய்ல படுத்து தவறிட்டார். அண்ணன் பொண்ணுக்கு 15 வயசு. நான் அத்தை. அண்ணி இருந்த நிலைமைல அவங்களால ஃபோன் எடுத்து பேசி விசாரிக்கவே முடியல, அதனால தேடினது, சேத்துவிட்டது, பெரியவங்களுக்கான செஷன்ல உக்காந்தது எல்லாம் பெரும்பாலும் நான் தான்.

குரூப் எப்படின்னா, வாரத்துக்கு ஒரு தடவ வீடியோ கால், 13லருந்து 18 வயசு வரைக்கும் உள்ள பசங்க, எல்லாரும் அம்மாவையோ அப்பாவையோ கூடப்பொறந்தவங்களையோ இழந்தவங்க. நடத்தறது ரெண்டு பேர். ஒருத்தர் முறையா படிச்ச கவுன்சலர், இன்னொருத்தர் ஆஸ்பத்திரில கடைசி காலத்துல இருக்கறவங்களுக்கு ஆன்மிக துணையா இருந்து பழகினவர். எந்த மதமா இருந்தாலும் வரலாம், மதமே இல்லைன்னாலும் வரலாம்னு போட்டிருந்தாங்க. கேமரா ஆஃப் பண்ணி வெச்சுக்கலாம், பேச பிடிக்கலன்னா "பாஸ்"னு ஒரு வார்த்தை சொன்னா போதும், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. அங்க யார் என்ன சொன்னாலும் வெளிய போகாது, ஆனா யாராச்சும் தன்னையே காயப்படுத்திக்கற மாதிரி பேசினா அது மட்டும் வீட்டுக்கு சொல்லுவோம்னு மொத நாளே பசங்க முன்னாடியே தெளிவா சொல்லிட்டாங்க. பின்னாடி அவங்களுக்கு தெரியாம வீட்டுக்கு ஃபோன் போட்டா அந்த பிள்ள அப்புறம் வாயே திறக்காது, அதனால இத மொதல்லயே சொன்னது எனக்கு ரொம்ப பிடிச்சுது.

இப்ப ஏன் சாமி பத்தியும் பேசற குரூப் தான் வேணும்னு தேடினோம்னு சொல்லணும். இதுக்கு முன்னாடி வேற ஒரு கவுன்சலர்கிட்ட போனோம், நல்லவங்க தான், தூக்கம், படிப்பு, பதட்டம் எல்லாம் அழகா விசாரிச்சாங்க, ஆனா இவ கடவுள்னு ஆரம்பிச்சா போதும் அது உங்க பர்சனல் நம்பிக்கைம்மான்னு மரியாதையா பேச்ச மாத்திடுவாங்க. இவளுக்கு உள்ள இருந்த முடிச்சே அங்க தான் இருந்துச்சு. தினமும் சாமி கும்பிட்டுட்டு இருந்த பொண்ணு, அப்பா போன அன்னைலருந்து அந்த பக்கமே திரும்பல, யார் கேட்டாலும் பதில் இல்ல. சரி கோபமா இருக்கான்னு தான் நாங்க எல்லாரும் நெனச்சோம்.

உள்ள இருந்தது கோபம் இல்ல, அது குரூப்ல தான் வெளிய வந்துச்சு. "அப்பா பொழைக்கணும்னு வேண்டிக்கிட்டப்ப ஒரு நாள் தூக்கத்துல பாதில விட்டுட்டேன், நான் ஒழுங்கா வேண்டிக்கல, அதான் அப்பா போயிட்டார்"னு சொல்லியிருக்கா. இத அவளே அப்புறம் என்கிட்ட சொன்னா. எனக்கு நெஞ்சே அடைச்சிருச்சு. இத்தன மாசமா இந்த பாரத்த ஒரு சின்ன பொண்ணு தனியா சுமந்திருக்கா, சாமி ரூம் பக்கம் போகாதது வெறுப்பால இல்ல, குத்த உணர்ச்சியால.

அதுக்கு அவங்க என்ன பதில் சொன்னாங்கன்னு கேட்டேன், ஏன்னா இந்த எடத்துல தான் ஒரு குரூப் நல்லதா கெட்டதான்னு தெரியும். "இல்லம்மா அப்படி எல்லாம் இல்ல"ன்னு உடனே வாய அடைக்கல. கடவுளோட திட்டம்னும் சொல்லல. என்ன வேண்டிக்கிட்ட, எப்பல்லாம் வேண்டிக்கிட்ட, அப்ப அப்பா பக்கத்துல இருந்தாரா, அவருக்கு தெரியுமா நீ வேண்டிக்கிட்டதுன்னு ஒண்ணு ஒண்ணா கேட்டிருக்காங்க. அப்பாவுக்கு தெரியும், ஒரு நாள் கைய புடிச்சு தூங்கு கண்ணுன்னு சொன்னார்னு அவளே சொல்லியிருக்கா. அப்புறம் டாக்டர் என்ன சொன்னாங்க, நோய் எந்த நிலைல இருந்துச்சுன்னு உனக்கு யாராச்சும் சொன்னாங்களான்னு கேட்டிருக்காங்க. யாரும் சொல்லல. அது உண்மை, பிள்ளைக்கு எதுக்குன்னு வீட்ல மறைச்சு வெச்சிருந்தாங்க. அந்த வாரமே கவுன்சலர் அண்ணிகிட்ட பேசி, நோய் பத்தின உண்மைய அவளுக்கு புரியற மாதிரி சொல்ல வெச்சாங்க. காரணம் தெரியாத எடத்துல பிள்ளைங்க தன்னையே காரணமா வெச்சுக்குவாங்க, நம்பிக்கை உள்ள பிள்ளைன்னா தன் பிரார்த்தனைய காரணமா வெச்சுக்கும்னு அவங்க சொன்னாங்க. பாதி பிரச்சனை மருத்துவ விவரம் தெரியாததுல இருந்துச்சு, அத கண்டுபிடிச்சது சாமி பத்தி கேக்க தயங்காதவங்க.

இந்த வயசுல ஏன் இது இவ்ளோ ஆழமா போகுதுன்னும் பெரியவங்க செஷன்ல விளக்கினாங்க. 9, 10 வயசுக்குள்ளயே பெரும்பாலான பிள்ளைங்களுக்கு செத்தவங்க திரும்ப வரமாட்டாங்க, எல்லாரும் ஒரு நாள் சாகணும்னு புரிஞ்சுடும். டீன்ஏஜ்ல புதுசா வர்றது அதுக்கு மேல உள்ள கேள்வி, ஏன் எங்க அப்பா, நியாயம்னு ஒண்ணு இருக்கா, நல்லவருக்கு ஏன் இப்படின்னு. அதே வயசுல தான் அம்மா அப்பா கொடுத்த நம்பிக்கைய தன்னோடதா மாத்திக்கற வேலையும் நடக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல வந்து மோதுது. அதனால கேள்வி கேக்கற பிள்ள நம்பிக்கைய விட்டுட்டு போகுதுன்னு பயப்பட வேணாம்னு சொன்னாங்க.

அங்க இன்னொண்ணும் சொன்னாங்க. கென்னத் பார்கமென்ட்னு ஒரு சைக்காலஜிஸ்ட், கஷ்ட காலத்துல ஜனங்க மதத்த எப்படி பிடிச்சுக்கறாங்கன்னு பல வருஷம் ஆராய்ச்சி பண்ணவர். 1990கள்ல அவரும் கூட இருந்தவங்களும் சேந்து 14 வாக்கியம் உள்ள ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணாங்க. அதுல 7 வாக்கியம் கடவுள் கூட இருக்கார், துணை கேக்கறேன், அவரோட சேந்து சமாளிக்கறேன்ங்கற வகை, மீதி 7 கடவுள் என்னை தண்டிக்கறார், கைவிட்டுட்டார், என் மேல அன்பு இல்லங்கற வகை. ரெண்டுமே பக்தி உள்ளவங்க மனசுல வர்றது தான். ஆனா இந்த ரெண்டாவது வகை மனசுல தங்கிட்டா மனச்சோர்வு, பதட்டம் எல்லாம் கூடுதலா இருக்கறது ஆய்வுகள்ல திரும்ப திரும்ப வருது. இத கேட்டப்ப தான் எனக்கு விஷயமே பிடிபட்டுச்சு. பிள்ளைக்கு பக்தி இருக்கா இல்லையான்னு பாத்து நாம நிம்மதி ஆயிடக்கூடாது, அந்த பக்தி உள்ள போய் அத தாங்குதா இல்ல குத்துதான்னு பாக்கணும். தினமும் கண்ண மூடி கும்பிடற பிள்ளயும் உள்ளுக்குள்ள நான் தண்டனை வாங்கிட்டேன்னு நெனச்சுட்டு இருக்கலாம்.

எனக்கு ரொம்ப பிடிச்ச செஷன்னு அவ சொன்னது கதை செஷன். ஒவ்வொரு மதத்துலருந்தும் ஒரு துக்கம். லாசருவோட கல்லறை முன்னாடி இயேசு அழுதது, நபிகள் நாயகம் தன்னோட குழந்தை இப்ராஹிம் இறந்தப்ப கண்ணீர் விட்டது (அவரே அப்பா முகம் பாக்காம பொறந்து சின்ன வயசுல அம்மாவையும் இழந்தவர்), செத்த குழந்தைய தூக்கிட்டு மருந்து கேட்டு அலைஞ்ச கிசா கோதமிய புத்தர் திட்டாம, சாவே நடக்காத வீட்லருந்து கடுகு வாங்கிட்டு வான்னு அனுப்பினது. பைபிள்ல வர்ற யோபு கதைல ஒரு விஷயம் அன்னைக்கு வரைக்கும் நானே கவனிச்சதில்ல, எல்லாத்தையும் இழந்த யோபு பக்கத்துல அவரோட நண்பர்கள் ஏழு நாள் ராத்திரி பகலா ஒரு வார்த்தை பேசாம தரைல உக்காந்திருந்தாங்க, அது வரைக்கும் நல்லா தான் இருந்துச்சு, வாய திறந்து நீ ஏதோ தப்பு பண்ணிருப்பன்னு விளக்கம் கொடுக்க ஆரம்பிச்சதும் தான் கெட்டுச்சு, கடைசில கடவுளுக்கு கோபம் வந்தது கேள்வி கேட்ட யோபு மேல இல்ல, கடவுளுக்கு வக்காலத்து வாங்கின அந்த நண்பர்கள் மேல. எங்க பொண்ணுக்கு மனசுல நின்னது கட உபநிஷத்துல வர்ற நசிகேதன். சின்ன பையன், எமன் வாசல்ல போய் நின்னு, செத்தவங்களுக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு நேருக்கு நேர் கேக்கறான், எமனே வேற எது வேணும்னாலும் கேளு, சொத்து தர்றேன், ஆயுசு தர்றேன், இத மட்டும் கேக்காதன்னு சொல்லியும் விடல. "அத்தை அவன் என் வயசு தான் இருப்பான், அவன யாரும் இப்படி கேக்கக்கூடாதுன்னு சொல்லல பாத்தீங்களா"ன்னா.

அன்னைக்கு ஹோம்வர்க்கும் நல்லா இருந்துச்சு. கடவுள்கிட்ட கேக்கணும்னு இருக்கற கேள்விய எழுது, பதில் எழுதாத. அவ்ளோ தான். கடவுள் நம்பிக்கை இல்லாத பசங்க யார்கிட்ட வேணா எழுதலாம், இறந்தவங்களுக்கே கூட எழுதலாம். அவ எத்தன பக்கம் எழுதினான்னு எனக்கு தெரியாது, நோட்ட காட்டல, நானும் கேக்கல.

இப்ப குறை. மொத வாரத்துலயே "இன்னைக்கு நன்றி சொல்ல மூணு விஷயம் எழுது"ன்னு அவங்க அனுப்பின பிடிஎஃப்ல ஒரு பக்கம். அப்பா போன பிள்ளகிட்ட மொத வாரமே நன்றிய கேட்டா அது எங்கருந்து எழுதும்? அவ பிரிண்ட் எடுத்த அந்த பக்கத்த கிழிச்சே போட்டுட்டா, சரியா தான் பண்ணா. நன்றி சொல்ற பழக்கம் நல்லது தான், அதுக்கு ஒரு காலம் இருக்கு, இவங்க அத கடைசி வாரங்களுக்கு தள்ளி வெச்சிருக்கணும். நான் எழுதி அனுப்பினேன், மாத்தறோம்னு சொல்லியிருக்காங்க.

இன்னொண்ணு, நடத்தற ரெண்டு பேர்ல ஆன்மிக துணையா வர்றவர் ஒரு தடவ "உங்க அப்பா மேலருந்து உங்கள பாத்துட்டே தான் இருக்கார்"னு ஆறுதலா சொன்னார். அவர் மனசு நல்ல மனசு. ஆனா அந்த வாக்கியம் எல்லா பிள்ளைக்கும் ஆறுதல் ஆகாது. ஃபில்லிஸ் சில்வர்மன், வில்லியம் வோர்டன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் சேந்து அம்மாவையோ அப்பாவையோ இழந்த 125 பிள்ளைங்கள நேர்ல பாத்து பேசின ஒரு பெரிய ஆய்வு இருக்கு, ஹார்வர்ட் ஆய்வுன்னு சொல்லுவாங்க. அதுல பெரும்பாலான பிள்ளைங்க இறந்தவங்க தன்னை பாத்துட்டு இருக்கறதா தான் உணர்ந்திருக்காங்க, ஆனா அப்படி உணர்ந்தவங்கள்ல நிறைய பேருக்கு அது பயமா இருந்திருக்கு. யோசிச்சு பாருங்க, 15 வயசு பொண்ணு, தனியா இருக்கணும்னு நெனைக்கற வயசு, தப்பு பண்ற வயசு, எந்நேரமும் அப்பா பாத்துட்டே இருக்கார்னா அது காவலா கண்காணிப்பா? எங்க பொண்ணு ரெண்டு நாள் சரியா தூங்கல. நாம யாருக்காவது ஆறுதல் சொல்றப்பவும் இத கவனிக்கலாம், அப்பா இப்ப எங்க இருக்கார்னு நீ நெனைக்கறன்னு அவங்ககிட்டயே கேட்டுட்டு, அவங்க சொன்னதுலருந்து பேசினா போதும்.

அதே சமயம் இறந்தவங்களோட உறவு தொடர்றது தப்புன்னு யாரும் நெனைக்க வேணாம். முன்னாடி எல்லாம் மறக்கணும், விட்டுடணும், அப்ப தான் சரியாகும்னு சொல்லிட்டு இருந்தாங்க. 1996ல அதே சில்வர்மனும் டென்னிஸ் கிளாஸ், ஸ்டீவன் நிக்மன் ரெண்டு பேரும் சேந்து, அப்படி இல்ல, இறந்தவங்களோட பந்தம் வேற உருவத்துல தொடர்றது இயல்புன்னு எடுத்து வெச்சாங்க, இப்ப கவுன்சலர்கள் நிறைய பேர் அத ஏத்துக்கிட்டாங்க. நம்பிக்கை உள்ள பிள்ளைங்களுக்கு பிரார்த்தனை அந்த பந்தத்துக்கு ஒரு வழி. அப்பாவோட சட்டைய வெச்சுக்கறது, அவர்கிட்ட மனசுல பேசறது எல்லாத்தையும் இந்த குரூப்ல தடுக்கல, அதுக்குன்னே ஒரு செஷன் வெச்சாங்க.

துக்கத்துக்கு அஞ்சு கட்டம் இருக்கு, மறுப்பு, கோபம்னு வரிசையா வரும்னு எல்லாரும் சொல்லுவாங்க இல்ல, இவங்க அத படிக்கட்டு மாதிரி சொல்லித்தரல. எலிசபெத் கூப்லர்-ராஸ் 1969ல அத எழுதினதே சாகப்போற நோயாளிங்ககிட்ட பேசி தான், பின்னாடி தான் இழந்தவங்களுக்கும் அத ஒட்டிட்டாங்க. இவங்க சொன்னது 1999ல மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் சொன்ன விஷயம், துக்கத்துல இருக்கறவங்க இழப்பு பக்கமும் அன்றாட வாழ்க்கை பக்கமும் மாறி மாறி போயிட்டு வருவாங்க, அந்த போக்குவரத்து தான் ஆரோக்கியம்னு. இத கேட்டதுல அண்ணிக்கு பெரிய நிம்மதி. ஏன்னா பொண்ணு காலைல அழுதுட்டு சாயங்காலம் ஃப்ரெண்டோட சத்தமா சிரிச்சா அப்பா மேல பாசம் இல்லையோன்னு வீட்ல ஒருத்தர் விடாம பேசினாங்க.

சொந்தக்காரங்க சொல்ற வாக்கியங்கள பத்தி ஒரு செஷன் முழுக்க பசங்களே பேசினாங்களாம். "கடவுளுக்கு பிடிச்சவங்கள சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்", "எல்லாம் நல்லதுக்கு தான்", "நீ தான் இனிமே அம்மாவுக்கு தைரியம்". மூணாவது தான் அவளுக்கு ரொம்ப வலிச்சுது. 15 வயசு பிள்ளை தன் அப்பாவுக்கு அழறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு தைரியம் ஆகணுமா? இத யாரும் யார்கிட்டயும் சொல்லாதீங்க, கெஞ்சி கேக்கறேன்.

பெரியவங்களுக்கு செஷன் ரொம்ப கம்மி, இது எனக்கு உண்மையாவே வருத்தம். பிள்ளைக்கு கிடைக்கற உதவில பாதி வீட்ல இருக்கறவங்க நிமிந்து நிக்கறதுல இருக்கு. அரிசோனா ஸ்டேட் யூனிவர்சிட்டில இர்வின் சாண்ட்லர் குழு பெற்றோர இழந்த குடும்பங்களுக்குன்னு ஒரு ப்ரோக்ராம் நடத்தி பல வருஷம் பின்தொடர்ந்து பாத்தாங்க, அதுல பசங்களுக்கு தனி குரூப், உயிரோட இருக்கற பெற்றோருக்கு தனி குரூப்னு ரெண்டும் சேந்தே இருந்துச்சு. அம்மாவோ அப்பாவோ பாசமா, அதே சமயம் வீட்டு ஒழுங்கு குலையாம பாத்துக்கறது பிள்ளைய காப்பாத்தற பெரிய விஷயம்னு அதுல எடுத்துக்கிட்டாங்க. இங்க அண்ணி மாதிரி ஆளுக்கு ஒரு சாஞ்சுக்க இடம் வேணும், அது இந்த குரூப்ல இல்ல. தனியா பாக்க வேண்டியிருக்கு.

ஆன்லைன்ங்கறதுல ஒரு சிக்கல், பக்கத்து ரூம்ல அம்மா இருக்கறப்ப அம்மா பத்தி எப்படி பேசும் பிள்ள? நாங்க அந்த நேரத்துக்கு அண்ணிய வெளிய கூட்டிட்டு போயிட்டோம். நடத்தறவங்க இத மொதல்லயே சொல்லியிருக்கணும். அதோட ஒரு தடவ யாரோ ஒரு பிள்ள அழுதுட்டு இருக்கறப்ப நெட் கட் ஆயிடுச்சாம், ஆனா உடனே கவுன்சலர் அந்த பிள்ளைக்கு ஃபோன் போட்டு பேசினதா சொன்னா.

நம்பிக்கை இல்லாத பசங்களுக்கு யோசிச்சு சேக்கணும்னு மேல சொன்னேன் இல்ல, காரணம் இது தான். ஒவ்வொரு செஷனும் ஒரு நிமிஷம் அமைதியோட ஆரம்பிக்கும், யார் வேணா வேண்டிக்கலாம், சும்மாவும் இருக்கலாம், அது வரைக்கும் நல்லது. ஆனா போகப் போக பேச்சு தன்னால நம்பிக்கை பக்கமே சாஞ்சுடுது, கடவுளே இல்லன்னு உறுதியா இருக்கற பிள்ளைக்கு நான் மட்டும் வெளிய நிக்கறேனோன்னு தோணலாம். அந்த பிள்ளைக்கும் அர்த்தம் தேட வழி இருக்கு, அதுக்கு இத விட சாதாரண குரூப் பொருத்தம்.

ஒரு விஷயத்துக்கு இவங்களுக்கு முழு மார்க் போடுவேன். எப்ப டாக்டர்கிட்ட போகணும்னு ஒரு பக்கத்துல எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பினாங்க. மனநோய்கள வகைப்படுத்தற அமெரிக்க கையேடு டிஎஸ்எம், அதோட 2022ல வந்த பதிப்புல நீடித்த துக்க கோளாறுன்னு ஒண்ணு சேத்திருக்காங்க, பெரியவங்களுக்கு குறைஞ்சது 12 மாசம், பிள்ளைங்களுக்கும் டீன்ஏஜ் பசங்களுக்கும் 6 மாசம் கழிச்சும் ஏக்கம் துளியும் குறையாம, வாழ்க்கையே அப்படியே நின்னு போயிருந்தா மனநல டாக்டர் பாக்கணும். அதுக்காக 6 மாசத்துல துக்கம் முடிஞ்சுடணும்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க. ஆனா அத விட முக்கியமா அந்த பக்கத்துல போட்டிருந்தது, பக்தி உள்ள பிள்ள "நானும் அப்பாகிட்ட போயிடணும் போல இருக்கு"ன்னு சொன்னா அத பக்தியாவோ பாசமாவோ எடுத்துட்டு விட்டுடாதீங்க, சாகணும்னு தோணுதான்னு நேரடியா கேளுங்க. கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது, கேட்டா தான் பிள்ள சொல்லும். ஆமான்னு சொன்னா பிள்ளைய தனியா விடாம அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, அடுத்த வார செஷனுக்காக காத்திருக்காதீங்க.

தற்கொலைல ஒருத்தர இழந்த பசங்களும் குரூப்ல இருக்கலாம்னு சொல்லி, யாரும் எப்படி இறந்தாங்கன்னு கேக்க வேணாம்னு ஆரம்பத்துலயே ஒரு ரூல் வெச்சிருந்தாங்க. அந்த பசங்களுக்கு வெளிய ஏற்கனவே பாவம், நரகம்னு பேச்சு கேட்டு காது புண்ணா இருக்கும், இங்கயாவது அது வரக்கூடாதுன்னு காரணமும் சொன்னாங்க. சேக்கறதுக்கு முன்னாடி எந்த குரூப்பா இருந்தாலும் இத கண்டிப்பா கேளுங்க, உங்க மதம் பத்தி பேசற குரூப்பா இருந்தா இன்னும் அழுத்தி கேளுங்க, தற்கொலைல இறந்தவங்க பத்தி பிள்ள கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு. அந்த பதில்லயே அவங்க யாருன்னு தெரிஞ்சுடும். கூடவே கேக்க வேண்டியது, எங்க பிள்ளைக்கு கடவுள் மேல கோபம்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? கோபத்த தணிக்கறோம்னு சொன்னா விட்டுடுங்க, கேக்கறோம்னு சொன்னா சேருங்க.

எங்க பொண்ணு இப்ப எப்படி இருக்கான்னா, பழையபடி ஆயிட்டான்னு சொல்ல மாட்டேன். தூக்கம் வந்திருக்கு, பரிட்சை எழுதினா, அப்பா பேர் எடுத்தா எழுந்து போறதில்ல, அவளே அப்பா பத்தி பேசறா. சாமிகிட்ட பேசறியாடான்னு ஒரு நாள் மெதுவா கேட்டேன். "பேசறேன் அத்தை, ஆனா பாதி நேரம் சண்டை தான்"னா. அண்ணி முகம் மாறிச்சு, நான் சந்தோஷப்பட்டேன், சண்டை போடறதுன்னா எதிர்ல ஒருத்தர் இருக்கார்னு அவ இன்னும் நெனைக்கறா தானே.

இன்னொரு உதவி வேணும். அவ தம்பிக்கு 8 வயசு, இவங்க 13க்கு கீழ எடுக்க மாட்டாங்க. அவன் கேக்கற கேள்வியே வேற, அப்பாவுக்கு அங்க ஃபோன் இருக்குமா, நான் வளந்துட்டா என்னை அடையாளம் தெரியுமான்னு கேக்கறான். சின்ன பிள்ளைங்களுக்கு படம் வரையறது, விளையாட்டு வழியா நடத்தறவங்க, அதே நேரம் இந்த மாதிரி கேள்விக்கு நழுவாம பேசறவங்க யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, ஆன்லைனா இருந்தாலும் பரவால்ல, அவன் கூட நான் உக்காந்துக்கறேன்.